வலி மாத்திரை போட்டுக்கொண்டு 80 கிலோமீட்டர் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. கோயம்புத்தூரில் வசிக்கிறேன். முழு மாரத்தான் இரண்டு முறை ஓடி முடித்திருக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளுக்கு நிதி திரட்ட, பிப்ரவரியில் 80 கிலோமீட்டர் ஓடப்போவதாக அறிவித்துவிட்டேன். நண்பர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்குப் பயந்து, நீண்ட ஓட்டங்களுக்கு முன் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்வது வழக்கம். தொடரலாமா? மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்களே, சரியா?

பதில்: ஓடலாம். அந்த வலி மாத்திரையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்தவர் சிறுநீரகத்துக்காகப் பணம் திரட்டப் புறப்பட்டு, உங்கள் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பானேன்?

மணிக்கணக்கில் ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடும். வியர்வையால் உடலில் நீரும் குறையும். அந்த நேரத்தில் சிறுநீரகம் தனக்குள் வரும் இரத்தக் குழாயை விரித்தும், வெளியே போகும் குழாயைச் சுருக்கியும் ஒருவாறு சமாளிக்கிறது. முதல் வேலையை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் தடுக்கின்றன. இரண்டாவதை உங்கள் டெல்மிசார்ட்டான் தளர்த்துகிறது. போதாக்குறைக்கு, சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதமும் அங்கேதான் வந்து சேர்கிறது. பல நாள் பந்தயங்களின் 80 கிலோமீட்டர் கட்டத்தில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும் என்பது உண்மைதான். இரத்த அழுத்தமும் அதற்கான மருந்தும் உள்ளவர் அந்த நம்பிக்கையில் ஓடக் கூடாது. அதற்காக டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓட்டத்தன்று அதை எப்போது எடுப்பது, எடுக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத முழங்கால் என்றால், அதை இப்போதே எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மணிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததாலேயே ஓட்டக்காரர்கள் சுருண்டு விழுவதை மருத்துவ உலகம் 1980-களில் கவனித்தது இத்தகைய ஓட்டங்களில்தான். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, மிகவும் குறைந்தால் மூளை வீங்கத் தொடங்குகிறது. கைக்கடிகாரப் பட்டை இறுகும், மோதிரம் கழலாது, தலை வலிக்கும், வாந்தி வரும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து மேலும் ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். விழுந்தவருக்கு உடனே டிரிப் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். சோடியம் பார்க்காமல் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள், அது போதும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் நல்லவைதான், ஆனால் அளவு மீறினால் அவையும் காப்பாற்றாது. ஓடுமுன் எடை பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஓரிரு கிலோ குறைந்திருந்தால் பயமில்லை. கூடியிருந்தால் குடிப்பதை நிறுத்துங்கள்.

கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சோடியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இசிஜி, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றை இந்த மாதமே முடித்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகியதோ மயங்கியதோ உண்டென்றால் இதய மருத்துவர் சொல்லும்வரை ஓட வேண்டாம். இடையில் 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை மாத்திரையின்றி முடித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பிப்ரவரியிலும் 50 கிலோமீட்டரே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி வைத்த பணம், நிற்க வேண்டிய இடத்தில் உங்களை நிற்க விடாது. புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் ஆராய்ச்சி நிதிக்காக நாட்டின் குறுக்கே செயற்கைக் காலுடன் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே ஓட்டத்தை நிறுத்தினார். கடலிலிருந்து கடல்வரை என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஆனாலும் அடுத்த பிப்ரவரிக்குள் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. ஆகவே நண்பர்களிடம் இப்போதே பேசி, கிலோமீட்டர் கணக்கை விட்டு மொத்தத் தொகையாகக் கேளுங்கள். ஓட்டத்தின்போது உங்களை நிறுத்தும் அதிகாரத்தை உடன் வரும் ஒருவரிடம் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நேராக நடக்க முடியாவிட்டாலோ, வியர்வை கொட்டும்போதே குளிர்கிறது என்றாலோ அவர் சொல்வதுதான் முடிவு. அந்த நேரத்தில் உங்கள் தீர்ப்பை நம்ப முடியாது.

ஓடி முடித்த பிறகும் இரண்டு நாட்களுக்கு வலி மாத்திரை வேண்டாம். சிறுநீர் பால் கலக்காத காப்பி நிறத்தில் வந்தாலோ, அரை நாள் வராமலே இருந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.