ஆயாவ வெள்ளையாக்காத

அண்ணா வணக்கம், காட்பாடியில இருந்து எழுதறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கியிருக்கேன், கூட 18-55 லென்ஸ். போன வாரம் ஆயாவ வேலூர் கோட்டைக்கு கூட்டினு போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல நிக்க வச்சு எடுத்தேன். மூஞ்சி இருட்டா வந்துச்சு. எடிட்ல பிரைட் பண்ணேன், அப்பவும் நல்லால்ல. 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினா சரியாவுமா? மேனுவல் மோட்ல தான் எடுக்கணுமா? ரெண்டு படமும் இணைச்சிருக்கேன்.

அன்புள்ள தம்பி,

லென்ஸ் இப்ப வேணாம், காச வச்சுக்க. மேனுவல் மோட்ல எடுத்தா தான் போட்டோகிராஃபர்னு எவன் சொன்னான்? அபர்ச்சர் பிரையாரிட்டில வை, லென்ஸ் தொறப்ப நீ வச்சா ஷட்டர் வேகத்த கேமராவே பாத்துக்கும்; அந்த வேகம் 1/125 செகண்டுக்கு கீழ எறங்காம ஐஎஸ்ஓவ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வ, ஏத்திக்க, அவ்ளோ தான்.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்துனு இருந்தேன். மொதப் படத்துல இருட்டு இருந்தாலும் உங்க ஆயா இருக்காங்க. ரெண்டாவதுல மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு, நெத்தியில குத்தியிருக்கற பச்சை சாம்பல் கறையா தெரியுது. ஏன்டா இப்படி பண்ண?

கேமராவுல வெளிச்சத்த அளக்கற மீட்டருக்கு முன்னாடி நிக்கறது யாருன்னு தெரியாது. எதக் காட்டினாலும் அத நடுத்தர சாம்பலா ஆக்கத்தான் பாக்கும், 18 சதவீதம் வெளிச்சத்த திருப்பி அனுப்பற சாம்பல். வெள்ளை வேட்டிய மட்டும் காட்டு, அழுக்கா எடுக்கும். கருங்கல்ல மட்டும் காட்டு, வெளுத்துப்போனதா எடுக்கும். உங்க ஆயாவுக்கு பின்னாடி மண்டபத்துக்கு வெளிய நம்ம வேலூர் வெயில், அத பாத்து மீட்டர் வெளிச்சத்த கொறச்சிடுச்சு, மூஞ்சி முழுகிப்போச்சு. இதுக்கு எந்த லென்ஸும் ஒண்ணும் பண்ணாது. ஆயாவ திருப்பி உக்கார வை. யாளித் தூணுக்கு ஒரு அடி உள்ள, நெழல்ல, மூஞ்சி வெளிய பாத்தாப்ல. இப்ப பின்னாடி இருட்டு, மீட்டர் எதிர்ப்பக்கமா ஏமாறும், அதனால மீட்டர் சொல்றத விட வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கற எக்ஸ்போஷர் காம்பென்சேஷன -0.7, -1னு எறக்கிப் பாரு. மூஞ்சிய லேசா பக்கவாட்டுல திருப்பினா கன்னத்து எலும்பு மேல ஒரு மினுமினுப்பு வரும் பாரு, கறுத்த தோலோட உருவமே அந்த மினுமினுப்புல தான் எழும்பும், எடிட்ல நீ பிரைட் ஸ்லைடர இழுக்க இழுக்க மொதல்ல சாவறது அது தான்.

எங்க ஆயாவுக்கு ஒரே ஒரு போட்டோ தான். சித்தி கல்யாணத்தப்ப குடியாத்தத்துல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. அப்பல்லாம் நெகட்டிவ் மேலயே பென்சில் போடுவாங்க, நெகட்டிவ்ல கறுப்பாக்கற எடம் பிரிண்ட்ல வெளுத்து வரும், அப்படி தேச்சு தேச்சு சுருக்கத்த எடுத்துட்டு நெறத்த ஏத்திக் குடுப்பாங்க. வெயில்ல மல்லாட்ட பறிச்சு கறுத்த பொம்பள அவங்க. படத்த கையில வாங்கிப் பாத்துட்டு, “இது யாருடா, நம்ம ஊட்டு ஆளு மாதிரி இல்லியே”ன்னாங்க. நெத்திய தடவிப் பாத்தாங்க, பச்சை படத்துல இல்ல. அடுத்த வருஷம் போய்ட்டாங்க. இன்னிக்கும் அம்மா அந்த படத்துக்கு பூ போடறப்ப பச்சை இருந்த எடத்துல கண்ணாடி மேல ஒரு புள்ளி சாந்து வைப்பாங்க.

கலர் வந்தும் இதே தான். கோடாக் கம்பெனி பிரிண்ட் போடற லேபுகளுக்கு நெறம் சரிபாக்க குடுத்த ஷர்லி கார்டுல பல வருஷம் வெள்ளைக்கார பொம்பள தான், அவ நெறம் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு அர்த்தம். அவங்களுக்கு நம்மள தெரியாது. நீ பேரன்டா, உனக்கு தெரியும்ல?

ஞாயித்துக்கெழம காலையில வெயில் ஏறறதுக்குள்ள மறுபடி கூட்டினு போ. எடுத்தத எடிட் பண்ணாம அனுப்பு. இந்த தடவ உக்கார எடம் பாத்துக் குடு, அவ்ளோ நேரம் நிக்க வச்சிருக்க, ரெண்டு படத்துலயும் கால் வலி மூஞ்சில தெரியுது.