எடை பார்க்கும் பள்ளி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் ஏழாம் வகுப்பு. கொஞ்சம் பருமனானவன். இந்த ஆண்டு அவன் பள்ளியில் உடற்தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க எடை பார்த்து, எண்ணை உரக்கப் படித்தார்களாம். ஓட்டத்தில் கடைசி. அன்றிலிருந்து விளையாடவே போவதில்லை. பிள்ளைகளிடம் உடல்பருமன் பெருகுவதால் பள்ளி கண்டிப்பாக இருப்பது சரிதானோ என்றும் தோன்றுகிறது.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பு வேண்டும்தான். அதைப் பள்ளி முதலில் தன் கால அட்டவணையில் காட்டட்டும். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக உடலசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகனுக்கு வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் என்று எண்ணிப்பாருங்கள். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவதும் அதுதான். ஆண்டு முழுக்க உட்காரவைத்துவிட்டு ஒருநாள் ஓடச்சொல்லி மதிப்பெண் போடுவது, நடத்தாத பாடத்தில் கேள்வி கேட்பது போல.

சிங்கப்பூர் 1992இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி. பருமனானவர்களின் விகிதம் குறைந்தது, அதை மறுக்கமுடியாது. ஆனால் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான TAF என்பதைத் திருப்பிப் படித்தால் FAT, 'ஃபேட்', அதாவது குண்டு. கேலிக்கு வேறென்ன வேண்டும்? பிரித்து வைத்ததே பிள்ளைகளைக் காயப்படுத்தியது. 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்குமான திட்டத்துக்கு மாறினார்கள்.

எனக்குப் பிடித்தது 2012இல் ஸ்காட்லாந்தின் ஒரு தொடக்கப்பள்ளியில் பிறந்த 'டெய்லி மைல்'. தினமும் 15 நிமிடம் மொத்த வகுப்பும் சீருடையோடு வெளியே போய் ஓடுகிறது, முடியாதவர்கள் நடக்கிறார்கள். போட்டி கிடையாது. யாரும் கடைசி இல்லை.

பள்ளியில் ஓடுவதால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. சாப்பாடு, இனிப்புப் பானங்கள், தூக்கம், மரபு என்று அதற்குப் பல காரணங்கள். எடை இறங்காவிட்டாலும் இதயமும் எலும்பும் வலுவாகும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும். தராசு இதைக் காட்டாது. ஓடியே பழகாத ஒல்லிப் பிள்ளையையும் அது தேறவைத்துவிடும்.

பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். எடை பார்ப்பதென்றால் தனியறையில் பார்க்கட்டும், எண்ணைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லட்டும். மாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு நீங்களும் நடக்கப் போங்கள். அந்த நேரத்தில் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அன்புடன்