பதிமூணாயிரம் ரூபாய்க்கு ஒரு மவுஸா?

வாசகர் கேள்வி – பதில்: கம்ப்யூட்டர் பகுதி

என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லேப்டாப்பில் வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். லாஜிடெக் ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் என்ற ஒயர்லெஸ் மவுஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தேன், 13 ஆயிரம் சொல்கிறார்கள். அதே கம்பெனியின் ஜி304 மவுஸ் 2,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், திருமங்கலம்

கூடுதலாகக் கொடுக்கிற பத்தாயிரத்தில் பெரும்பகுதி எடைக்குப் போகிறது. துல்லியத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இந்த ஒன்று பிடிபட்டால் முடிவெடுப்பது சுலபம்.

நகர்வைப் படிக்கும் சென்சார் இரண்டு மவுஸிலும் லாஜிடெக்கின் ஹீரோ குடும்பம்தான். ஜி304 12,000 டிபிஐ வரை போகும், சூப்பர்லைட் 25,000-க்கும் மேல் போகும். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி எண்ணும் என்ற கணக்கு. துப்பாக்கி விளையாட்டில் தேர்ந்தவர்கள் வைத்துக்கொள்வது 400, 800, மிஞ்சினால் 1,600. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை உங்கள் மகன் ஒருநாளும் தொடப்போவதில்லை. தகவல் அனுப்பும் வேகமும் இரண்டிலும் ஒன்றே: நொடிக்கு 1,000 முறை, அதாவது 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை.

எடைக்கு வருவோம். ஜி304 பேட்டரியோடு 99 கிராம். சூப்பர்லைட் 63 கிராமுக்குள் அடங்கும். இந்த 36 கிராம் எப்போது கைக்குத் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 800 டிபிஐ, விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி (மவுஸ் நகர்ந்தால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) 0.35 என்று வைத்தால், வேலரன்ட்டில் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை சுமார் 47 செ.மீ. இழுக்க வேண்டும். பின்னால் வருபவனைப் பார்க்கத் திரும்புவதற்கே 23 செ.மீ. மணிக்கட்டால் அவ்வளவு தூரம் இழுக்க முடியாது, முழங்கையிலிருந்து கையே நகர வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் மவுஸைத் தூக்கித் திரும்ப நடுவில் வைக்கவும் வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படி ஆடினால் 36 கிராம் கையில் உறைக்கும், குறி நிற்கும் இடத்திலும் தெரியும். சென்சிட்டிவிட்டியை ஏற்றி வைத்துக்கொண்டு, சின்ன மேஜையில் மணிக்கட்டை மட்டும் அசைத்து ஆடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாமலே போகும். மகன் எப்படி ஆடுகிறான் என்று பத்து நிமிடம் அருகில் நின்று பாருங்கள்.

அடுத்து லேப்டாப் திரை. அது 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் படம் மாறும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லி செகண்ட். பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுகிறவனுக்கு மவுஸில் பத்தாயிரம் போடுவதைவிட, அந்தப் பணத்தை வெளி மானிட்டருக்கு ஒதுக்குவது நல்லது. வித்தியாசம் முதல் நாளே கண்ணுக்குத் தெரியும்.

எனவே எங்கள் யோசனை இது. இப்போதைக்கு ஜி304-ம், 45 x 40 செ.மீ. அளவில் ஒரு துணி மவுஸ்பேடும் வாங்கிக் கொடுங்கள். சாதா அல்கலைன் ஏஏ பேட்டரி 23 கிராம், லித்தியம் ஏஏ பேட்டரி 15 கிராம். அதை மாற்றினாலே மவுஸ் 91 கிராமுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் ‘என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்’ என்ற டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் கை வேகத்துக்கு ஏற்ப தூரம் மாறிக்கொண்டே இருக்கும். சென்சாரை நேரடியாகப் படிக்கும் விளையாட்டுகளில் அது குறுக்கிடாது, மற்றவற்றில் கை பழகவே பழகாது.

அவன் ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் திரையில், கையை வீசி, தினமும் ஆடுகிறவன் என்றால் அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் கையை அளக்கச் சொல்லுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை 17 செ.மீ.-க்குக் கீழ் என்றால் சின்னக் கை. சூப்பர்லைட்டின் நீளம் 12.5 செ.மீ., உயரம் 4 செ.மீ. சின்னக் கைக்காரர் உள்ளங்கை முழுவதையும் படியவைத்துப் பிடித்தால் பட்டனின் நுனிக்கு விரல் எட்டாது. கடையில் டெமோ பீஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இந்த விலைக்கு எதையும் வாங்க வேண்டாம். பொருந்தாத வடிவத்தில் இருக்கும் 60 கிராம் மவுஸைவிட, கையோடு ஒட்டி உட்காரும் 90 கிராம் மவுஸ் மேல்.

வாங்கும்போது பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை நீட்டினால் வாரன்ட்டி கேட்கப் போகும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

ஒயர் மவுஸ்தான் வேகம், ஒயர்லெஸ் தாமதமாகும் என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

புளூடூத் மவுஸுக்கு அது பொருந்தும். நொடிக்கு 125 முறை போலத்தான் அது தகவல் அனுப்பும், 8 மில்லி செகண்ட் இடைவெளி. தனி ரிசீவரோடு வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கேமிங் மவுஸில் அந்தக் குறை தீர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் கையில் 1,500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் பெயர் தெரியாத ஒயர்லெஸ்ஸைவிட ஜி102 போன்ற 85 கிராம் ஒயர் மவுஸ் எவ்வளவோ நம்பகமானது.

விலை உயர்ந்த ஒயர்லெஸ் மவுஸ்தான். திடீர் திடீரென்று அம்பு நின்று நின்று தாவுகிறது. சார்ஜ் முழுதாக இருக்கிறது. மவுஸ் போய்விட்டதா?
– வாசகர், சிம்மக்கல்

மவுஸைச் சந்தேகிக்கும் முன் ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். சிபியு மேஜைக்கு அடியில், ரிசீவர் அதன் முதுகில், பக்கத்துப் போர்ட்டில் ஒரு யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் என்றால் காரணம் அதுதான். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையில் இரைச்சல் கசியும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. நடுவில் தகரப் பெட்டியும் உங்கள் முழங்காலும் வேறு மறைக்கின்றன.

மவுஸோடு பெட்டியில் வந்த நீட்டிப்புக் கேபிளைப் பலர் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதைத் தேடி எடுத்து, ரிசீவரை மேஜை மேல் மவுஸ்பேடிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்குள் வையுங்கள். வைஃபை ரவுட்டரை ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, கம்ப்யூட்டரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். பத்தில் எட்டு கேஸ் இதோடு சரியாகிவிடும். அப்படியும் தாவினால் சென்சார் துளையில் முடியோ பஞ்சோ சிக்கியிருக்கும், ஊதி எடுங்கள். கண்ணாடி மேஜையில் வெறுமனே வைத்து ஓட்டினாலும் இப்படித்தான் தாவும்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது. இரண்டு வருடம்தான் ஆகிறது, வாரன்ட்டி முடிந்துவிட்டது. தூக்கிப்போட வேண்டியதுதானா?
– வாசகி, மேலூர்

தூக்கிப்போடாதீர்கள். பட்டனுக்கு அடியில் மூன்று கால் கொண்ட ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெல்லிய செப்புத் தகடு, அழுத்தும்போது வளைந்து தொடும். நாளாக நாளாகத் தகடு சோர்ந்துபோகும், தொடும் முனையில் கறை படியும். தொட்டவுடன் ஒருமுறை அதிர்ந்து விலகி மறுபடி தொடும். மவுஸ் அதை இரண்டாவது கிளிக்காக எண்ணிக்கொள்கிறது. ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி விழுந்தாலும் இதே நோய்தான்.

செல்போன் சர்வீஸ் கடையில் சாலிடரிங் தெரிந்தவர் அரை மணியில் மாற்றிவிடுவார். அவரிடம் சொல்ல வேண்டியவை: முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளான ஸ்கேட்டுகளை ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடாக்கி மெதுவாக உரிக்க வேண்டும், திருகுகள் அதன் அடியில்தான் இருக்கும். மேல் மூடியைச் சடாரென்று தூக்கினால் பட்டை கேபிள் அறுந்துவிடும். சாலிடரிங் இரும்பின் சூடு 350 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் வைத்தால் போர்டில் இருக்கும் செப்பு வட்டமே பெயர்ந்து வரும். பழைய சுவிட்ச்சின் குமிழ் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, புதியதும் அப்படியே இருக்க வேண்டும். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பட்டனும் இரண்டு விதமாக அழுந்தும். கைல் ஜிஎம் 8.0, ஹுவானோ போன்ற சுவிட்ச்சுகள் பொருந்தும்.

ஒளியால் இயங்கும் ஆப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸுக்கு இந்த வைத்தியம் செல்லாது. அதில் தகடு தொட்டு கிளிக்கை உணரும் ஏற்பாடே இல்லாததால் இந்த நோயும் வருவதில்லை. விலை உயர்ந்த மவுஸில் பணத்துக்கு உண்மையாகவே கிடைக்கிற இரண்டாவது நன்மை என்று இதைச் சொல்லலாம்.

8,000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

மவுஸில் ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்பும் என்ற கணக்கு. 1,000-லிருந்து 8,000-க்குப் போனால் மிச்சமாவது 0.875 மில்லி செகண்ட். ரேசர் வைப்பர் வி3 புரோ 1,000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம் ஓடும். அதே மவுஸ் 8,000-ல் 17 மணி நேரம்தான். பிராசஸருக்கும் சுமை கூடும். 240 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த திரை வைத்திருப்பவர் இதற்காகத் தனியே பணம் தர வேண்டாம்.

சித்திரை வெயிலில் கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது. பேடும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.
– வாசகர், அலங்காநல்லூர்

பக்கவாட்டில் கிரிப் டேப் ஒட்டுங்கள், எடையும் பெரிதாக ஏறாது. ரப்பர் பூசிய மவுஸை நம் ஊருக்கு வாங்காதீர்கள், வியர்வை பட்டுப் பட்டு ரப்பர் இளகி ஒட்ட ஆரம்பிக்கும். துணி பேடை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு போட்டுக் கையால் தேய்த்து அலசி, பிழியாமல், நிழலில் காயவையுங்கள். அடியில் இருக்கும் ஸ்கேட், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்தான். பேடில் மண்துகள் இருந்தால் கீறிவிடும், ஆகவே அதையும் ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே சார்ஜ் பேட்டரி உள்ள மவுஸை வெயில் விழும் ஜன்னலோரத்திலும், மத்தியானம் பூட்டிய காருக்குள்ளும் விடவே கூடாது. லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பும். உப்பிவிட்டால் அதன் பிறகு சார்ஜ் போடாதீர்கள், பேட்டரியை மாற்றும் வரை மவுஸைத் தனியே எடுத்து வையுங்கள்.