குப்பா வாங்கும்போது முதுகையும் வயிற்றையும் பாருங்கள்

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறோம். இங்கே மீன்காரம்மா எந்தக் குட்டி டூனாவையும் 'குப்பா' என்றே விற்கிறார். ஒரு தடவை குழம்பு அருமையாக வருகிறது, அடுத்த தடவை ரத்தக் கவிச்சி. ஊரில் சூரை, எலிச்சூரை, வரிச்சூரை என்று பிரித்துச் சொல்வார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? போன மாதம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மாமியாருக்கு முகமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அலர்ஜியா?

பதில்: மாமியார் விஷயத்தை முதலில் பார்ப்போம். அலர்ஜியாக இருக்கலாம், ஆனால் ஐஸ் போதாமல் வைத்திருந்த மீனாலும் இதே மாதிரி வரும். சூரை இன மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், முகம் சிவந்து தடிக்க வைப்பது அதுதான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது, வாசனையிலும் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் எந்த மீன் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். மறுபடி அப்படி வந்து, மூச்சுத் திணறலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, அடையாளம். முழு மீனாகப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், துண்டு போட்டுவிட்டால் நமக்குத் தெரியாது. வயிற்றில் நீளவாக்கில் நான்கிலிருந்து ஆறு கருங்கோடுகள் ஓடினால் அது வரிச்சூரை. லட்சத்தீவில் மாசிக் கருவாடு போடுவது பெரும்பாலும் இதில்தான். வயிறு வெள்ளையாக இருந்தால் முதுகைப் பாருங்கள். சூரைக்கும் எலிச்சூரைக்கும் பின்முதுகில் சாய்ந்த அலைக்கோடுகள் இருப்பதால் குழப்பம் வரும். அப்போது முதுகுத் துடுப்புகளைக் கவனியுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தால் சூரை. நடுவில் நல்ல இடைவெளி இருந்தால் எலிச்சூரை. சூரைக்கு நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகளும் இருக்கும், சிலவற்றில் மங்கலாக. அளவை நம்ப வேண்டாம். சூரை ஒரு மீட்டர் வரை வளரும், எலிச்சூரை 65 செ.மீ.யைத் தாண்டாது, ஆனால் கடைக்கு வரும் சின்ன மீன்களில் இரண்டும் ஒரே அளவில் கிடக்கும்.

ஒரே விலை சொன்னால் நான் சூரையைத்தான் எடுப்பேன். எலிச்சூரையில் கருஞ்சதை அதிகம், நீங்கள் சொல்லும் கவிச்சி பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான். இவை நிற்காமல் நீந்தும் மீன்கள், அதனால்தான் ரத்தம் பாயும் கருஞ்சதை இவ்வளவு. கடல்நீரைவிட உடம்பு சூடாகவும் இருக்கும். பிடித்த கையோடு ஐஸில் புதைக்காவிட்டால் சீக்கிரம் கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, பெயரைக் கேட்பதற்கு முன்னால் மீன் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, பலகைமேல் காய்கிறதா? தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நடுமுள்ளை ஒட்டிய கருஞ்சதையைக் கத்தியால் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வையுங்கள்.