கணக்குப்பிள்ளை பதில்கள்: 20ஆம் தேதிக்கே பர்ஸ் காலி!

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, எனக்கு 23 வயது. ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் காபி, ஊடே மிளகு. நான் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கைக்கு 18,400 ரூபாய் வருகிறது. அஸ்தம்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். வாடகையில் என் பங்கு 2,500, மெஸ் 4,500, வீட்டுக்கு 5,000, பைக் தவணை 2,600, பெட்ரோல் 1,500, போன் 300. கூட்டினால் 16,400தான். மாதம் 2,000 மிஞ்ச வேண்டும். ஆனால் 20ஆம் தேதிக்கே அறை நண்பனிடம் கடன் கேட்கிறேன். ஆப் போட்டு எழுதினேன். தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்கிற 50-30-20 கணக்கில் பிரித்துப் பார்த்தேன். சாயந்திரம் சாப்பிடும் தட்டுவடை செட்டைக்கூட நிறுத்தினேன். ஆனாலும் மாதாமாதம் எதிர்பாராத செலவு ஏதாவது வந்துவிடுகிறது. போன மாதம் இரண்டு கல்யாணம், அதற்கு முந்தின மாதம் வண்டி இன்சூரன்ஸ். பட்ஜெட் போட்டு அதன்படி நடக்க என்ன வழி?
— பெயர் வேண்டாம், நாகலூர்

பதில்: தம்பி, முதலில் தட்டுவடை செட்டைத் திரும்பச் சாப்பிட ஆரம்பியுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும் வைத்து, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவித் தருகிற அந்தக் கடைக்காரர் உங்கள் பர்ஸைக் காலி செய்யவில்லை.

நண்பன் கல்யாணம் எதிர்பாராத செலவா? பத்திரிகை வாட்ஸ்ஆப்பில் ஒரு மாதம் முன்பே வந்திருக்குமே! வண்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. இவை மாதாமாதம் வராத செலவுகள், அவ்வளவுதான். வருஷா வருஷம் தவறாமல் வரும்.

மண்டியில் நாள்வழி என்று ஒரு நோட்டு இருக்கும், அன்றன்றைய வரவு செலவு அதில் ஏறும். அப்புறம் பேரேடு. அதில் தீபாவளி போனஸ், ஆயுத பூஜை, லைசென்ஸ் புதுப்பிப்பு, குடோன் ஓட்டு மாற்றுவது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. தீபாவளி நெருங்கும்போது எந்த முதலாளியும் ‘அடடா, போனஸ் வந்துவிட்டதே’ என்று திகைத்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் நாள்வழி இருக்கிறது, ஆப்பில். பேரேடு இல்லை.

பேங்க் ஆப்பில் ஒரு வருஷத்து ஸ்டேட்மென்டை எடுங்கள். மாதாமாதம் வருவதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் வயசுக்கும் வருமானத்துக்கும் நான் உத்தேசமாகப் போடுகிறேன், தொகையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். மொய்: தூரத்துக் கல்யாணம் எட்டுக்கு 500 வீதம் 4,000, நெருங்கின கல்யாணம் இரண்டுக்கு 2,000 வீதம் 4,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 5,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் உங்கள் பட்டியலில் ஏறவே இல்லை பாருங்கள், உங்கள் பங்கு 400 என்றாலும் வருஷத்துக்கு 2,400. மொய் இல்லாத ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிடும். அதற்கும் தீபாவளிக்கும் சேர்த்து 6,000. காய்ச்சல், போன் கண்ணாடி உடைவது என்று 2,600. மொத்தம் 24,000.

அதை 12ஆல் வகுங்கள். மாதம் 2,000. உங்கள் கணக்கில் மிஞ்ச வேண்டிய அதே 2,000! அது மிச்சமே இல்லை தம்பி, ஏற்கெனவே செலவு எழுதின பணம். அதை நம்பி டீக்கும் சினிமாவுக்கும் எடுத்தால் 20ஆம் தேதி கடன் கேட்கத்தான் வேண்டியிருக்கும். இன்னொன்று, 18,400 என்பதும் எல்லா மாதமும் வராது. தொழில் வரி அரையாண்டுக் கணக்கு. ஆஸ்பத்திரியில் அதை மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் கைக்குக் குறைவாகத்தான் வரும்.

இந்த 50-30-20 அமெரிக்கக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு. அதில் மொய்க்கு இடமில்லை, அப்பாவுக்கு அனுப்புவதற்கும் இடமில்லை. உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் கட்டாயச் செலவு. அதை 50க்குள் அடக்கப் பார்த்தால் மனசுதான் நோகும், விட்டுத்தள்ளுங்கள்.

சம்பளம் வந்த அன்றே அந்த 2,000ஐ வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட் ஆபீஸ் கணக்கே போதும், குறைந்தபட்ச இருப்பு 500தான். முக்கியமாக, அந்தக் கணக்கைப் போனில் எந்தப் பணம் அனுப்பும் ஆப்பிலும் சேர்க்காதீர்கள். நேரில் போய் எடுக்கிற சிரமம் இருக்கட்டும். மொய்யும் இன்சூரன்ஸும் அங்கிருந்துதான் போக வேண்டும்.

சரி, கைச்செலவுக்கு? இரண்டு இடத்தில் பிடிக்கலாம். வாராவாரம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊருக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பஸ்ஸில் போனால் பெட்ரோல் குறையும், அம்மாவுக்கும் நிம்மதி. அடுத்தது வீட்டுக்கு அனுப்பும் 5,000. அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், மாதத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். காபி, மிளகு விற்ற காசு அப்பா கையில் இருக்கும் தை, மாசியில் 3,000 அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் கை காயும்போது கூட்டி அனுப்புங்கள். விவசாயக் குடும்பத்துக்கு வருஷக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களைவிட அவருக்கு நன்றாகவே புரியும்.

சேமிப்பு எங்கே என்பீர்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் இப்போதைக்கு அதுவே சேமிப்பு. பைக் தவணை முடிந்த மறு மாதமே அந்த 2,600ஐ ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பில் போடுங்கள். ஒரு மாதம் தள்ளினாலும் புதுப் போன் வாங்கிவிடுவீர்கள்!

கேள்வி: 25 வயதாகிறது. நகைக்கடையில் 11 மாதச் சீட்டுக் கட்டுவதா, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யா?
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அம்மணி, எப்படியும் நகை வாங்கப் போகிறீர்கள் என்றால் சீட்டு. பணமாக வேண்டும் என்றால் ஆர்.டி. சீட்டு முடிந்தால் நகைதான் தருவார்கள், ரொக்கம் கிடைக்காது. பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்ய வேண்டும் என்று 2014இல் கம்பெனி டெபாசிட் விதி வந்தது. 11 மாதத்தோடு நிறுத்துவது அதனால்தான். சேரும்போதே, சேதாரம் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 3 சதவீத ஜி.எஸ்.டி. எப்படியும் நீங்கள்தான் கட்டணும். பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் வரையிலான இன்சூரன்ஸ் நகைச்சீட்டுக்குக் கிடையாது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 5 வருஷம், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஒரு மாதம் தவறினால் 100க்கு 1 ரூபாய் அபராதம்.

கேள்வி: கிரெடிட் கார்டு பில்லில் ‘மினிமம் டியூ’ என்று போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்கிறான் அறை நண்பன். சரியா?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: அபராதம் விழாது, அது வரைக்கும் சரி. மீதிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும், வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கம் வந்துவிடும். அடகுக்கடையில் இதைவிடக் குறைவு. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி. பாக்கி தீருகிறவரை அந்தக் கார்டைத் தேய்க்காமல் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.