எத்தனை வீடு போனார் என்பதை வைத்து ரேட்டிங் கொடுக்கலாமா?

கேள்வி: சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். களப்பணியாளர்கள் மாதம் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பதை வைத்துத்தான் வருடக் கடைசியில் அப்ரைசல் போடுகிறோம். சிக்கலான குடும்பங்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் எப்போதும் பட்டியலில் கடைசியாகவே வருகிறார். மனசு கேட்கவில்லை. லாபக் கணக்கு இல்லாத இடத்தில் ஒருவருடைய வேலையை எப்படி அளப்பது?

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. வீடுகளை எண்ணி ரேட்டிங் கொடுத்தால், ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய வீடாகப் பார்த்துப் போகத்தான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் 1982-ல் வந்த வேலைப்பயிற்சிச் சட்டத்தில், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை வைத்துத் திட்டத்தை நடத்துகிறவர்களை எடைபோட்டார்கள். எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவர்களையே பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்ற புகார் கிளம்பி, ஆய்வாளர்கள் பல வருடம் அதை அலசினார்கள்.

குடும்பத்தில் வந்த மாற்றத்தை வைத்தும் ஆளை அளக்க முடியாது. உதாரணத்துக்கு, பள்ளியை விட்ட பிள்ளை திரும்பிப் போவது குடும்பத்தின் வருமானம், ஆசிரியர், உடல்நிலை என்று எத்தனையோ விஷயங்களைப் பொறுத்தது. அந்த மாற்றத்தை நிறுவனத்தின் கணக்கில் வையுங்கள், தனி ஆளின் ரேட்டிங்கில் வேண்டாம். ஆளை மதிப்பிட, அவர் கையில் இருப்பதை மட்டும் பாருங்கள். ஒரு குடும்பத்தின் ஃபைலை எடுத்துப் படியுங்கள். வருடம் முழுக்க 'சந்தித்தோம், ஆலோசனை வழங்கினோம்' என்றே இருந்தால் அங்கே வேலை நடந்ததா என்று கேட்க வேண்டியதுதான். 'அப்பா வீட்டில் இருந்தால் அம்மா வாய் திறப்பதில்லை, அடுத்த முறை காலையில் போக வேண்டும்' என்று எழுதி, அடுத்த பதிவில் காலையில் போயும் இருந்தால், அவர்தான் உங்கள் நல்ல பணியாளர். முயன்று பலிக்காததை மறைக்காமல் எழுதுகிறாரா என்பதும் முக்கியம். அதற்காக மார்க் குறைத்தீர்களானால், அப்புறம் உண்மையான ரிப்போர்ட் ஒன்றுகூட உங்கள் மேஜைக்கு வராது.

குடும்பங்களைப் பிரித்துக் கொடுக்கும்போதே எது சுலபம், எது கஷ்டம் என்று எல்லோரும் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பங்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும், ஆனால் அங்கே போய்வரும் பணியாளரே கேட்கக் கூடாது. உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

நன்கொடையாளர் எண்ணிக்கை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், அது அவருக்கான ரிப்போர்ட். அதை இன்கிரிமென்டோடு முடிச்சுப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஃபைலை நடுவில் வைத்துப் பணியாளரோடு பேசுங்கள். முதலில், அந்தக் கடைசி இடத்துக்காரரின் ஃபைலை எடுங்கள்.