கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் பீச்ல ஆறு வயசு, மூணு வயசு குழந்தைங்கள குளிக்க வைக்கலாமா?

வேணாங்க, ஆறு வயசும் மூணு வயசும்னு சொல்றீங்க, முட்டம் பாக்கத்தான் அழகு, குளிக்க இல்ல. பாறையெல்லாம் பாசி புடிச்சு வழுக்கும், கடல் அமைதியா இருக்கற மாதிரியே இருந்து திடீர்னு பெரிய அலை ஏறி இழுத்துட்டு போயிரும், கள்ளக்கடல்னு சொல்வாங்களே அதுதான். 2024 மே மாசம் பக்கத்துல கணபதிபுரம் பீச்ல அஞ்சு மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் அலையில போயிட்டாங்க, நெனச்சாலே மனசு பதறுது. கெளம்புறதுக்கு முன்னாடி இன்காய்ஸ் (கடல் அலை எச்சரிக்கை குடுக்கற மத்திய அரசு அமைப்பு) வார்னிங் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இருந்தா கரைப்பக்கமே போகாதீங்க. முட்டத்துல சாயங்காலம் மேல லைட்ஹவுஸ் பக்கம் நின்னு சூரியன் மறையறத பாருங்க, போதும். மணல்ல விளையாட சொத்தவிளை பீச் போங்க, அங்கயும் தண்ணில எறக்காதீங்க. குளிச்சே ஆகணும்னு அடம் புடிச்சா திற்பரப்பு அருவிகிட்ட சின்னப் பிள்ளைங்களுக்குன்னே நீச்சல் குளம் இருக்கு. அப்படியே பத்மநாபபுரம் அரண்மனையும் பாக்கறதா இருந்தா திங்கக்கிழமை மட்டும் போயிராதீங்க, லீவு.